நெடுஞ்சாலைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தேன்கூடு வைக்கலாமா?

கெலுலுட் வளர்ப்பு இன்று கம்பங்களோடு நின்றுவிடவில்லை. தாமான் வீடுகளின் பின்புறத்திலும் பள்ளித் தோட்டங்களிலும், மரத்தண்டின் மேல் சிறு பெட்டி பொருத்திய கூடுகளைக் காண்கிறோம். இந்தத் தேனீ கொட்டாது. இடம் அதிகம் கேட்காது. இதன் புளிப்புத் தேனுக்கு நல்ல விலையும் உண்டு. ஆனால், நகரத்தில் காலி இடம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்தில். இல்லையென்றால் ரயில் பாதை ஓரத்தில். அதனால்தான் சாலையோரத்தில் தேன்கூடு வைக்கலாமா என்ற கேள்வி பல இடங்களில் எழுகிறது.

எங்கள் பல்கலைக்கழகத்திலும் அது எழுந்தது. வளாகத்தின் ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் கொமுட்டர் ரயில் பாதை. இரண்டுக்கும் இடையில் முக்கோணமாக ஒரு புல்தரை. தொட்டாச்சிணுங்கி அங்கே தானாகவே மண்டிக் கிடக்கிறது. அங்கே ஆறு கெலுலுட் கூடுகள் வைத்து, தேனை விற்று, விடுதிக் கட்டணம் கட்டச் சிரமப்படும் மாணவர்களுக்கு உதவலாம் என்பது எங்கள் சுற்றுச்சூழல் மன்றத்தின் திட்டம். சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பவன் என்பதால், இதைப் பற்றிய ஆய்வுக் குறிப்பைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மன்றத்தில் இரண்டு கட்சிகள். “இடம் சும்மா கிடக்கிறது, பூவும் இருக்கிறது, வைத்துவிடுவோம்” என்றது ஒன்று. “வாகனப் புகையில் எடுத்த தேன் விஷம், யார் வாங்குவார்கள்?” என்றது மற்றொன்று. படித்துப் பார்த்ததில், இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது.

வட்டம் போட்டுப் பாருங்கள்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தேனீ, கூட்டின் வாசலில் மட்டும் மேய்வதில்லை. மேற்கத்தியத் தேனீ பல கிலோமீட்டர் தூரம் போய் வரும். கெலுலுட் உருவத்தில் சிறியது. பொதுவாகச் சில நூறு மீட்டருக்குள் உணவு தேடும். கணக்குக்காக 500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அதன் பரப்பளவு சுமார் 78 ஹெக்டர்.

கூடு சாலைக்கு மிக அருகில், 10 மீட்டர் தூரத்தில் இருந்தால், அந்த வட்டத்துக்குள் ஏறக்குறைய 1,000 மீட்டர் நீளமுள்ள சாலை அடங்கும். கூட்டை 100 மீட்டர் தள்ளி வைத்தால்? பித்தாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்திப் பாருங்கள்: வட்டத்துக்குள் இன்னும் 980 மீட்டர் சாலை இருக்கும். 400 மீட்டர் தள்ளினால்தான் அது 600 மீட்டராகக் குறையும். அதாவது, “கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை” என்பது தேனீயின் மேய்ச்சலைப் பொறுத்தவரை வெறும் ஆறுதல்தான். கூடு நிற்கும் இடத்தைவிட, அதைச் சுற்றியுள்ள வட்டத்தில் என்ன இருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சாலையும் அதன் ஓரமும் சேர்ந்து 30 மீட்டர் அகலம் என்று வைத்தால், அதன் பரப்பு சுமார் 3 ஹெக்டர். 78 ஹெக்டரில் அது 4 விழுக்காடுகூட இல்லை. மீதி 75 ஹெக்டரில் நல்ல பூ மரங்கள் இருந்தால், தேனீ சாலையோரத்தை நம்பி வாழ வேண்டியதில்லை. மீதி முழுவதும் சிமெண்டு தரையாக இருந்தால், அந்த 4 விழுக்காடுதான் அதன் சாப்பாட்டுத் தட்டு.

அப்படியானால் கூட்டைத் தள்ளி வைப்பதில் பயனே இல்லையா? இருக்கிறது. ஆனால், அது வேறு காரணத்துக்காக. லாஸ் ஏஞ்சலஸ் நகர நெடுஞ்சாலை ஒன்றின் அருகே 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, காற்றில் உள்ள மிக நுண்ணிய துகள்களை அளந்தது. சாலையை விட்டு விலக விலக அவை வேகமாகக் குறைந்து, 300 மீட்டர் தூரத்தில் சுற்றுப்புறத்தின் சாதாரண அளவுக்கு வந்துவிட்டன. பகலில் வெளியே போகும் தேனீ சாலையைக் கடக்கலாம். ஆனால், இரவு முழுவதும் கூட்டுக்குள் இருக்கும் கூட்டம் சுவாசிப்பது கூடு நிற்கும் இடத்துக் காற்றைத்தான். மேய்ச்சலுக்கு வட்டம் முக்கியம். மூச்சுக்குத் தூரம் முக்கியம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மணத்தை அழிக்கும் புகை

சாலை என்றதும் நம் கவலையெல்லாம் நாம் சாப்பிடும் தேனைப் பற்றியே இருக்கிறது. தேனீயின் கவலை வேறு. பூ எங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்வது மணம். அந்த மணம் ஒரே பொருளால் ஆனதல்ல, பல வேதிப்பொருள்களின் கலவை. பிரிட்டனில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு பயிரின் பூ மணத்தில் உள்ள எட்டு வேதிப்பொருள்களை டீசல் புகையோடு கலந்து பார்த்தார்கள். அவற்றில் இரண்டு, ஒரே நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மறைந்துபோயின. அந்த இரண்டும் இல்லாத மணத்தைத் தேனீக்களால் சரியாக அடையாளம் காண முடியவில்லை. புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளே முக்கியக் காரணம்.

அதே பிரிட்டனில் ரெடிங் பல்கலைக்கழகத்தினர் திறந்த வயலிலும் சோதித்தார்கள். டீசல் புகையும் ஓசோனும் கலந்த காற்றில், பூக்களைத் தேடி வந்த பூச்சிகளின் எண்ணிக்கை 70 விழுக்காடு வரையும், பூக்களில் அவை வந்து அமர்வது 90 விழுக்காடு வரையும் குறைந்ததாக 2022-இல் அறிவித்தார்கள். அங்கே பயன்படுத்திய புகையின் அளவு, மனிதர்களுக்குப் பாதுகாப்பானது எனக் கருதப்படும் வரம்புக்கு உட்பட்டதுதான்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று பெங்களூரிலிருந்து வருகிறது. மலைத்தேனீயை நாம் அறிவோம். மலேசியக் காடுகளில் துவாலாங் மரத்தின் உயரக் கிளைகளில் பெரிய அடைகளைத் தொங்கவிடும் அதே இனம். பெங்களூரின் வெவ்வேறு பகுதிகளில் பூக்களுக்கு வந்த மலைத்தேனீக்களைப் பிடித்து ஆராய்ந்த முடிவு 2020-இல் வெளியானது. காற்று ஓரளவுக்கு மேல் மாசுபட்ட இடங்களில் பிடித்தவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவை 24 மணி நேரத்துக்குள் இறந்துவிட்டன. அவற்றின் உடலில் ஈயம் போன்ற உலோகங்கள் கலந்த துகள்கள் ஒட்டியிருந்தன; இதயத்துடிப்பும் சீராக இல்லை.

துகள்கள் ஏன் ஒட்டுகின்றன? பறக்கும்போது தேனீயின் உடலில் நிலைமின்னேற்றம் உண்டாகிறது. மகரந்தம் அதன் மேல் தாவி ஒட்டிக்கொள்வதற்கு உதவும் ஏற்பாடு அது. மகரந்தத்தை இழுக்கும் அதே ரோமம் பிரேக் தூசியையும் டயர் தூசியையும் இழுத்துக்கொள்கிறது. இரண்டையும் பிரித்தறிய அதற்கு வழியில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, சாலையோரப் பூக்களை வெட்டித் தள்ளிவிடலாம் என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாலையோரங்களைப் பற்றிக் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சாலையோரங்கள் பல இடங்களில் மகரந்தம் பரப்பும் பூச்சிகளுக்கு நல்ல புகலிடம் என்பதும், பெரும் பாதிப்பு சாலை விளிம்பை ஒட்டிய முதல் சில மீட்டரில்தான் என்பதும் அவர்களின் முடிவு. வேகமாகப் போகும் வாகனங்கள் கிளப்பும் காற்றே பூச்சியைப் பூவில் நிலையாக உட்கார விடுவதில்லை. எனவே, விளிம்பை ஒட்டிப் புல்லை வெட்டிவைத்து, பூச்செடிகளை உள்ளே தள்ளி வளர்ப்பது எளிய தீர்வு.

தேனில் என்ன சேருகிறது?

இப்போது நம் வாய்க்கு வருவோம். கனடாவின் வான்கூவர் நகரில், பல பகுதிகளின் தேன்கூடுகளிலிருந்து எடுத்த தேனை பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். போக்குவரத்து நெரிசலும் துறைமுகமும் உள்ள பகுதிகளை நெருங்க நெருங்க, தேனில் ஈயம் போன்ற உலோகங்களின் அளவு கூடியது. ஆனால், மொத்தத்தில் அந்தத் தேன் சுத்தமானதே. ஏற்கத்தக்க வரம்பைத் தாண்ட வேண்டுமானால் ஒருவர் நாள்தோறும் 600 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டும் என்று கணக்கிட்டார்கள். 2019 ஏப்ரலில் பாரிஸின் நோட்டர்டாம் தேவாலயம் எரிந்தபோது, புகை போன திசையில் இருந்த கூடுகளின் தேனில் ஈயம் மற்றவற்றைவிடக் கூடுதலாக இருந்ததையும் இதே குழு கண்டறிந்தது. அந்தத் தேனும் உண்ணத் தகுந்ததாகவே இருந்தது.

இந்த ஆய்வுகளில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, சாலையோரத் தேன் எல்லாம் விஷம் என்பது உண்மையல்ல. பூவின் உள்ளே இருக்கும் தேன் துளி தூசியிலிருந்து ஓரளவு மறைந்தே இருக்கிறது. தேனீயின் உடலும் ஒரு வடிகட்டிபோல் செயல்படுகிறது. இரண்டு, தேன் ஒரு சாட்சி. எந்த வட்டாரத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ஜெர்மனியின் ஹம்பர்க் விமான நிலையம் 1999 முதல் தன் வளாகத் தேனீக்களைக் கொண்டு காற்றின் தரத்தைக் கண்காணித்து வருவது இதனால்தான்.

ஆனால், ஓர் எச்சரிக்கை. வான்கூவரிலும் பாரிஸிலும் சோதித்தது மேற்கத்தியத் தேனீயின் தேன். அந்த இனம் மெழுகு அறைகளில் தேனைச் சேமிக்கிறது. நம் கெலுலுட், மரப்பிசினையும் மெழுகையும் குழைத்துச் சிறு குடங்கள் செய்து அவற்றில் சேமிக்கிறது. பிசின் ஒட்டும் பொருள். தூசியும் அதில் ஒட்டும். பொதுவாகவே, தேனைவிடப் பிசினில்தான் உலோகங்கள் அதிகமாகச் சேர்கின்றன. பிசின் கிடைக்காத இடத்தில் கொட்டாத் தேனீக்கள் காயாத சாயத்தைக்கூட எடுத்துச் செல்வதுண்டு. எனவே, ‘வான்கூவர் தேன் சுத்தம், ஆகவே எங்கள் தேனும் சுத்தம்’ என்று போத்தலில் எழுதி ஒட்ட முடியாது. நம் தேனை நாம்தான் சோதிக்க வேண்டும்.

சோதிக்க வேண்டியது உலோகத்தை மட்டுமல்ல. 2012-இல் பிரான்சின் ரிபோவில்லே பகுதியில் தேனீக்கள் நீலமும் பச்சையுமாகத் தேன் சேர்த்தன. அருகிலிருந்த ஓர் ஆலைக்கு வந்த வண்ண மிட்டாய்க் கழிவைத்தான் அவை உறிஞ்சி வந்திருந்தன. அந்தத் தேனை விற்க முடியவில்லை. நம் நெடுஞ்சாலை ஓய்வுத் தலங்களின் குப்பைத் தொட்டிகளையும், சாலையோரக் கரும்புச் சாற்றுக் கடைகளையும் நினைத்துப் பாருங்கள். இனிப்பு எங்கே கிடைத்தாலும் தேனீ போகும். ‘மலர்த் தேன்’ என்ற பெயரை நாம் வைக்கிறோம், தேனீ வைப்பதில்லை.

தண்டவாளம் வேறு கதை

சாலையையும் ரயில் பாதையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. மின்ரயிலுக்குப் புகைக்குழாய் இல்லை. சக்கரமும் தண்டவாளமும் உராய்வதால் இரும்புத் துகளும், மேலே செல்லும் மின்கம்பி தேய்வதால் செம்புத் துகளும் வரும். ஆனால், நைட்ரஜன் ஆக்சைடு பூ மணத்தை அழிக்கும் சிக்கல் அங்கே குறைவு. சரக்கு ரயில்களை இழுக்கும் டீசல் எஞ்சின்கள்தான் விதிவிலக்கு.

ரயில் நிலத்தின் பெரிய நன்மை, மனிதர் கால் படாத நீண்ட பச்சைக் கோடாக அது இருப்பது. சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30-ஆம் தேதியுடன் மூடப்பட்ட பிறகு, மலாயா ரயில்வே பயன்படுத்திய 24 கிலோமீட்டர் பாதை இன்று பசுமை நடைபாதையாக இருக்கிறது. பல ஆண்டுகளாக யாரும் கட்டடம் எழுப்பாததால்தான் அங்கே செடிகொடியும் பறவையும் பூச்சியும் நிலைத்தன.

ஆபத்து வேறு வடிவில் வருகிறது: களைக்கொல்லி. தண்டவாளத்தில் செடி முளைத்தால் சரளைக்கல் படுகை பாழாகும், பாதையும் மறையும். அதனால் உலகெங்கும் ரயில் நிறுவனங்கள் மருந்து தெளித்து வந்திருக்கின்றன. அவற்றில் பரவலாகப் பயன்பட்ட கிளைபோசேட், தேனீயின் குடலில் வாழும் நன்மை தரும் பாக்டீரியாக்களைக் குறைத்து, நோய்த்தொற்றுக்கு அதை எளிதில் இரையாக்குகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2018-இல் காட்டியது. பிரான்சின் ரயில் நிறுவனம் கிளைபோசேட்டைக் கைவிட்டுவிட்டது. ஜெர்மனியும் அவ்வாறே செய்தது. ஆகவே, பாதையோரம் கூடு வைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, “இங்கே எந்த மருந்து, எந்த மாதத்தில் தெளிக்கிறீர்கள்?” என்பதைத்தான். ரயிலின் சத்தத்தைவிட இந்தக் கேள்விக்கான பதில் முக்கியம்.

அதிர்வு? தேனீக்கள் காற்றில் வரும் ஒலியைவிட, கால்வழி வரும் அதிர்வை நன்றாக உணரும். பூ இருக்கும் திசையை நடனத்தால் சொல்லும் மேற்கத்தியத் தேனீ, அடையில் எழும் அதிர்வையும் அதற்குப் பயன்படுத்துகிறது. எனவே, கூட்டைப் பாதையின் கற்படுகைக்கோ வேலித் தூணுக்கோ முட்டுக்கொடுக்காமல், தனிக் காலில் மண்மேல் நிறுத்துவது நல்லது.

மனிதரை மறக்க வேண்டாம்

கூடு வைத்தால் மட்டும் போதாது. யாராவது அதைத் திறந்து பார்க்க வேண்டும். ரயில் நிலத்தில் அனுமதியின்றிக் கால் வைப்பது குற்றம், உயிருக்கும் ஆபத்து. நெடுஞ்சாலை ஓரத்தில் முகவலை அணிந்து நின்று வேலை செய்வதும் விளையாட்டல்ல. கெலுலுட் கொட்டாது, சீண்டினால் தலைமுடியில் சிக்கிக் கடிக்கும், அவ்வளவுதான். ஆனால், கொட்டும் ஆசியத் தேனீயைப் பெட்டியில் வளர்ப்பவர்கள் புல்வெட்டும் தொழிலாளர்களை நினைக்க வேண்டும். இயந்திரத்தின் அதிர்வும் வெட்டிய புல்லின் வாடையும் அந்தத் தேனீக்களைச் சினமூட்டும். நாள்கூலிக்கு வேலை செய்யும் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வது நியாயமா?

இன்னொரு நடைமுறைச் செய்தி: கூட்டின் வாசல் சாலையைப் பார்த்து இருந்தால், தேனீ தாழப் பறந்து நேராக வாகனங்களின் மேல் மோதும். வாசலைத் திருப்பி, முன்னால் இரண்டு மீட்டர் உயரத்துக்குச் செடிவேலி வைத்தால், மேலே எழும்பிப் பறக்கும். செடிவேலி புழுதியையும் கொஞ்சம் தடுக்கும்.

மன்றத்தின் முன் நான் வைத்த யோசனை

முக்கோணப் புல்தரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே பூச்செடிகள் வளர்ப்போம், சாலை விளிம்பை ஒட்டி மட்டும் வேண்டாம் என்றேன். கூடுகளை வளாகத்தின் நடுப்பகுதியில், சாலையிலிருந்து 300 மீட்டருக்குக் குறையாத இடத்தில் வைப்போம். முதல் ஆண்டுத் தேனை விற்க வேண்டாம். தேன், மகரந்தம், பிசின் மூன்றையும் தனித்தனியாக வேதியியல் துறை ஆய்வகத்தில் சோதிப்போம். முடிவு எப்படி வந்தாலும் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். நல்லதாக வந்தால் இரண்டாம் ஆண்டு விற்போம், போத்தலிலேயே சோதனை எண்களை அச்சிடுவோம்.

“அப்படியென்றால் இந்த வருடம் விடுதிக் கட்டணத்துக்குத் தவிக்கிறவர்களுக்கு என்ன பதில்?” என்று மன்றப் பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. உதவி தேவைப்படுகிறவர் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார். ஆனாலும் என் பதில் இதுதான்: கட்டணத்துக்கு வேறு வழியில் நிதி திரட்டலாம், உணவு விழாவோ பழைய புத்தக விற்பனையோ நடத்தலாம். சோதிக்காத தேனை ‘தூய்மையான இயற்கைத் தேன்’ என்று சொல்லி விற்றால், அதை வாங்குபவர் பெரும்பாலும் இருமலுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் வாங்குவார். சின்னப் பிள்ளைகளின் உடலுக்கு ஈயம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நல்லதல்ல. ஒருவருக்கு உதவ, இன்னொருவரின் நம்பிக்கையை விலையாகக் கொடுக்க முடியாது. வாக்கெடுப்பில் யோசனை சிறு வித்தியாசத்தில் ஏற்கப்பட்டது.

உங்கள் பள்ளியிலோ தாமானிலோ கூடு வைக்கும் பேச்சு வந்தால், தேனுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்காதீர்கள். வரைபடத்தை எடுத்து ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் என்னென்ன பூக்கின்றன, எங்கே புகை எழுகிறது, யார் மருந்து தெளிக்கிறார்கள், யார் புல் வெட்டுகிறார்கள் என்று குறியுங்கள். உலகில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை முற்றாக நின்றது 2021-இல்தான். பல ஆண்டுகளாகப் படிந்த ஈயம் சாலையோர மண்ணில் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு சாலையோரமும் தனக்கென ஒரு வரலாற்றைச் சுமக்கிறது. அதை நம் வீட்டு மேசைவரை கொண்டுவந்து சேர்க்கும் ஆற்றல் தேனீக்கு உண்டு. முதலில் அது சொல்வதைக் கேட்போம். தேனைச் சுவைப்பது அதன் பிறகு இருக்கட்டும்.